தரங்கம்பாடிக்குத் திரும்பிப் போக: பதினான்கு பேர், மூன்று இரவு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வரும் தை மாதம் திருக்கடையூரில் சதாபிஷேகம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவர் உங்கள் மூன்று பேரையும் சென்னையிலிருந்து பொறையாரில் இருந்த அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போவார். மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) இறங்கிக் குட்டி ரயில், சாயங்காலம் தரங்கம்பாடிக் கடல், ராத்திரி அத்தை வைத்த மாங்காய் போட்ட மீன் குழம்பு. அத்தை இப்போது இல்லை, வீடும் கைமாறிவிட்டது. சென்னை, பெங்களூரு, கோவை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பதினான்கு பேரும் விசேஷம் முடிந்த கையோடு "அப்படியே" தரங்கம்பாடிக்குப் போய், ஒரு நாளில் பழசையெல்லாம் பார்த்துவிட்டு வரலாமா, எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செம்பனார்கோயில் பக்கம். பிழைப்பு வெளியூரில் என்றாலும் வருஷத்துக்கு நான்கைந்து முறை அந்தச் சாலையில் போய் வருகிறவன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று இதே மாதிரிப் பயணம் வந்தவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன், சிலரோடு கூடவே சுற்றியும் இருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் அந்த "அப்படியே"வை எடுத்துவிடுங்கள். விசேஷத்துக்கு வால் மாதிரி ஒட்டிவைத்த கடற்கரைப் பயணம் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் என்று கேட்டால், திருக்கடையூரில் அன்றைய நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தை முகூர்த்த மாதம். பிரகாரத்தில் ஒரே நேரத்தில் பல தம்பதிகள், பல ஹோமங்கள், கண் எரியும் புகை. இருட்டோடு எழுந்து குளித்து வர வேண்டும். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். பிறகு கலசத் தண்ணீரைப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று வரிசையாக எல்லோரும் அப்பா அம்மா தலையில் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்களுக்குச் சந்தோஷம். தை மாதக் காலைக் குளிரில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரருக்கு நடுக்கம். அதற்கப்புறம் சந்நிதி, மாலை, காலில் விழுகிறவர்கள், போட்டோ, பந்தி. மதியம் இரண்டு மணிக்கு அவரைப் பார்த்தால் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே "வாங்கப்பா, கோட்டையைப் பார்க்கலாம்" என்று வண்டியில் ஏற்றினால் அவர் மறுக்க மாட்டார், அந்தத் தலைமுறை பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்லாது. ஆனால் வண்டியிலேயே தூங்கிவிடுவார்.

அதனால் மூன்று இரவு. முதல் நாள் மதியத்துக்குள் வந்து சேர்ந்து ஓய்வு. மறுநாள் விசேஷம், அன்று மதியத்துக்கு மேல் யாருக்கும் எந்த வேலையும் வேண்டாம். மூன்றாம் நாள் முழுக்கத் தரங்கம்பாடியும் பொறையாரும். நான்காம் நாள் காலை இன்னொரு முறை கடலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லீவு கிடைக்காது என்கிற தம்பி விசேஷத்தன்று மட்டும் வந்து போகட்டும், பரவாயில்லை. பதினான்கு பேரும் முழுசாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மிஞ்சுவது ஒரு நாள்தான்.

தங்குவதைத் தரங்கம்பாடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திருக்கடையூரில் லாட்ஜுகள் ஏராளம், அந்த ஊரே இந்த விசேஷங்களை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் அங்கே தங்கினால் கடல் "போய்ப் பார்க்கிற இடம்" ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே 8 கிலோமீட்டர்தான், விடிகாலையில் இருபது நிமிஷம்கூட ஆகாது. திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கமாக ஒரே ஒரு அறையை அன்றைக்கு மட்டும் எடுத்து வையுங்கள், ஈரத் துணி மாற்றவும், அப்பா முதுகைச் சாய்க்கவும். அந்த அறையில் இரண்டு நல்ல டவல், ஒரு ஸ்வெட்டர், பிளாஸ்கில் வெந்நீர். ஹோமத்துக்கு முன்பே சாஸ்திரிகளிடம் சொல்லித் தாழ்வான பெஞ்சோ நாற்காலியோ போடச் சொல்லுங்கள். முட்டி வலிக்காரர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தரங்கம்பாடியில் அறைகள் குறைவு. கடலோரத்து டேனிஷ் கோட்டைக்கு எதிரே இருந்த பழைய கலெக்டர் பங்களாவை நீம்ரானா நிறுவனம் ஹோட்டலாக்கியது. மற்றவை சின்னச் சின்ன இடங்கள். ஐந்து அறை ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஏசி இருக்கிறதா என்பதல்ல, அப்பா அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை உண்டா, கழிப்பறை வெஸ்டர்னா என்பதுதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அம்மாவைக் கூட்டிப் போனபோது போட்டோவில் பளபளவென்று இருந்த ஓர் இடத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டோம். போய் இறங்கினால் எங்கள் அறைகள் இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். முதல் நாள் ஏறியவர், மறுநாள் காலை காப்பிக்குக்கூட இறங்கி வரவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா தரங்கம்பாடியில் வேலை பார்த்தார். எங்கள் கோடை விடுமுறையெல்லாம் அங்கேதான். பல வருஷம் கழித்து அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு நாள் திட்டம் போட்டோம். அண்ணன் எக்ஸெல் ஷீட்டே தயார் பண்ணிவிட்டான், பதினொரு இடம், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து. இரண்டாம் நாள் சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். "ஞாபகம் இருக்காம்மா, இங்கதானே நாம தினமும் வந்து உட்காருவோம்" என்றான் அண்ணன். அம்மா சுண்டல் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நாம எங்கடா உக்காந்தோம்? நீங்க உக்காந்தீங்க. நானும் உங்க பெரியம்மாவும் வீட்டுல பதினெட்டு பேருக்கு தோசை வாத்துக்கிட்டு இருந்தோம்."

யாரும் எதுவும் பேசவில்லை. ஆறு கோடை அங்கே இருந்ததில் கடலுக்கு இரண்டு தடவை வந்திருப்பேன் என்றார், அதுவும் யாரோ விருந்தாளி வந்ததால். சரி, உனக்கு இங்கே எதைப் பார்க்கணும் என்று அப்போதுதான் கேட்டோம். அந்த வீட்டுக் கொல்லைக் கிணற்றடி என்றார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் தேய்த்துவிட்டு, அவரும் பெரியம்மாவும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்பார்களாம். பதினொரு இடத்தில் அது இல்லை. மறுநாள் கிளம்புவதற்கு முன் போனோம். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடியிருந்தார்கள். கல் மட்டும் அங்கேயே கிடந்தது. அம்மா அதில் உட்காரவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல சுடுது" என்றார்.

நீங்கள் எழுதியிருப்பதில் ரயில், கடல், மீன் குழம்பு மூன்றும் இருக்கின்றன. மூன்றும் பத்து வயதுப் பிள்ளையின் ஞாபகம், உங்களுடையது. அப்பாவுக்கு அது கூடப்பிறந்தவளின் வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை கையில் பையோடு வந்து இறங்கிய வீடு, பிறகு ஒரு நாள் துக்கத்துக்கு வந்த வீடு. அவருக்கு அங்கே என்ன ஞாபகம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. அந்த மே மாதங்களில் அவர் எங்கே இருந்தார், உங்களோடு வந்தாரா, வந்திருந்தால் நாத்தனார் வீட்டில் அவர் பாடு எப்படி? டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "எங்கே போகணும்" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "காலையில எழுந்ததும் அத்தை வீட்டுல முதல்ல என்ன பண்ணுவீங்க" என்று கேளுங்கள். பழைய போட்டோக்கள் இருந்தால் எடுத்துப் போடுங்கள். அவர்கள் பேச்சில் வரும் பெயர்களை, டெய்லர் கடையோ சைக்கிள் கடையோ பக்கத்து வீட்டுக்காரரோ, குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கான திட்டம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

அத்தை வீட்டைப் பற்றி. இப்போது இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி கேளுங்கள். நம்பர் இல்லாவிட்டால் விசேஷத்துக்கு முதல் நாள் நீங்கள் ஒருவர் மட்டும் போய், "எங்க அத்தை இருந்த வீடுங்க, அப்பாவுக்கு எண்பது வயசு, வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடறோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இப்படிக் கேட்டு நம் பக்கம் யாரும் இல்லை என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, காப்பி வேறு போடுவார்கள். ஆனால் பதினான்கு பேர் வேன் கட்டிக்கொண்டு இறங்கினால், சொத்துத் தகராறோ என்று தெருவே எட்டிப் பார்க்கும். அப்பா, அம்மா, கூட ஒருவர். அவ்வளவுதான். ஒரு கிலோ இனிப்பும் பழமும் கையில் இருக்கட்டும். வீடு இடித்துக் கட்டப்பட்டிருந்தால் அதையும் முதல் நாளே பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், தெரு முனையில் திரும்பும்போது அவருக்கு அது தெரியக் கூடாது.

ரயில் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. மாயவரம்–தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை 1926இல் வந்தது, 1986இல் நிறுத்தினார்கள். சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போகும். நீங்கள் போனது அதன் கடைசி வருஷங்களில். மறுபடி விட வேண்டும் என்று கோரிக்கை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்டவாளம் போன மேடு சில இடங்களில் இன்னும் தெரியும். பேருந்துச் சாலையும் ஏறக்குறைய அதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது, அதனால் ஒரு யோசனை. மயிலாடுதுறையில் இறங்கியதும் பெரியவர்களைக் காரில் அனுப்பிவிட்டு, நீங்கள் மூன்று பேரும் உங்கள் பிள்ளைகளோடு தரங்கம்பாடி பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுங்கள். இரண்டு பக்கமும் வயல். தையில் சில இடத்தில் அறுவடை நடக்கும், சில இடத்தில் தாளோடு நிற்கும். ஊர்ப் பெயர் ஒவ்வொன்றாக வரும்போது உங்களுக்கே எல்லாம் வந்துவிடும்.

தில்லையாடியில் ஒரு கால் மணி நேரம் நிற்கலாம், தில்லையாடி வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை போய், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த பெண். பெற்றோர் வழியில் பூர்வீகம் இந்தத் தில்லையாடி, அடுத்த வருஷமே காந்தி இந்தப் பக்கம் வந்துபோனார். பெங்களூரில் வளரும் உங்கள் பெண்களுக்கு அவர்கள் வயதுப் பிள்ளையின் கதை.

தரங்கம்பாடி அதிகம் மாறவில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஊருக்குள் நுழையும் கோட்டை வாசல் அப்படியே இருக்கிறது, அது 1792இல், அப்போது ஊரை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் கட்டியது. உள்ளே ராஜா தெரு நேராகக் கடலுக்குப் போகும். வழியில் சீயோன் கோயில், 1701. அதே தெருவில் புதிய எருசலேம் ஆலயம், 1718. அதைக் கட்டியது ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அதற்குள்ளேயே அடக்கமும் ஆனார். தெரு முடிந்ததும் திறந்த மைதானம், அதன் விளிம்பில் டேன்ஸ்போர்க் கோட்டை, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி எழுப்பியது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை, மூன்றாம் நாள் வெள்ளியாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறியது கடல் பக்கம். கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். நீங்கள் சிறுவயதில் பார்த்தபோதே அலை அதைத் தின்றுகொண்டிருந்தது. முன்பகுதி போய்விட்டது. இப்போது அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதனால் நீங்கள் ஓடி விளையாடிய மணல் அதே அகலத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அலை ஊருக்குள் வந்தது. அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், அப்போது தரங்கம்பாடியும் அந்த மாவட்டம்தான். மீனவர் குடியிருப்பில் பலர் கடலை விட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அப்பா யாராவது பழைய ஆளைப் பெயர் சொல்லி விசாரிப்பார், அவர் அந்த அலையில் போய்விட்டார் என்று பதில் வரவும் கூடும். கூட இருப்பவர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நீங்களாக யாரிடமும் சுனாமிக் கதை கேட்டு நிற்காதீர்கள், இருபது வருஷமாக வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டிருக்கிறான்.

பிள்ளைகளுக்கு டேனிஷ் வரலாறு சொல்லப் போனால் ஐந்து நிமிஷத்தில் போனை எடுத்துவிடுவார்கள். அச்சுக் கதையைச் சொல்லுங்கள். சீகன்பால்கு 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கினார், வயது இருபத்துமூன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். கொஞ்ச வருஷத்தில் அச்சகம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையார்ப் பக்கம் ஆலையே வைத்தார்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் பெயர் கடுதாசிப்பட்டறை. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

ஊரில் எல்லோரும் "இங்கே ஓசோன் காற்று, உடம்புக்கு நல்லது" என்று சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். ஓசோன் அவ்வளவு இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடல் வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கடல் நுண்பாசிகளிலிருந்து வருவது. காற்று நல்லது, அதுவே போதும்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்தது சித்திரை, வைகாசிக் கடல். தையில் வாடைக்காற்று முழுசாக அடங்கியிருக்காது, அலைக்கு வேகம் இருக்கும். கோட்டைப் பக்கம் கற்கள், அதில் பாசி. இந்தக் கரை சட்டென்று ஆழமாகும், திரும்பும் தண்ணீர் காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போகும். முழங்கால் வரைதான் என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைவிட நாற்பது வயதுத் தம்பிகள்தான் "நாங்க இங்க வளர்ந்தவங்க" என்று இறங்குவார்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்தவர்கள் யாரும் அங்கே வளர்ந்தவர்கள் இல்லை.

சாப்பாடு. அத்தையின் மீன் குழம்பு தையில் வராது, காரணம் எளிமையானது: மாங்காய் இருக்காது. இருக்கிற ஒன்றிரண்டுக்கும் ருசி இருக்காது. தை மொச்சையின் காலம். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு கேளுங்கள், அது அந்த மாதத்துக்கு உரியது. மாங்காய்க் குழம்புதான் வேண்டும் என்றால் மாங்காய் வற்றல் போட்டு வைக்கச் சொல்லலாம், கிட்டத்தட்ட வரும். தையில் போவதில் லாபமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இப்போது மே மாதம் போனால் நல்ல மீன் கிடைப்பதே கஷ்டம், விலையும் எட்டாது. காலையில் படகு வரும் நேரத்துக்குக் கரையில் நின்று நீங்களே வாங்குங்கள். பெரிய வஞ்சிரத்துக்கு அலையாமல் சங்கராவோ கிழங்கானோ எடுங்கள். மீனைக் கொடுத்தால் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், தங்கும் இடத்திலோ ஆட்டோக்காரரிடமோ முதல் நாளே விசாரித்து வையுங்கள். விசேஷத்தன்று சைவம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போக்குவரத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். சென்னையிலிருந்து காரில் 280 கிலோமீட்டர் சொச்சம், வயதானவர்களுக்கு வேண்டாம். எழும்பூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் பகல் ரயிலும் உண்டு, இரவு ரயிலும் உண்டு. பகலில் வருவது நல்லது, சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்கு மயிலாடுதுறை வழியாக இரவு ரயில் இருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள். இரவு ரயில் என்றால் அப்பா அம்மா இருவருக்கும் மட்டும் தனி டிக்கெட் போடுங்கள். ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது முதல் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் அது கிடைக்காது. பதினான்கு பேரையும் ஒரே குடும்பம் என்று சேர்த்துப் போடப் போய், அப்பா மேல் பெர்த்தில் ஏற வேண்டிவரும்.

அங்கே சுற்ற ஒரு வேன், கூடவே ஒரு கார். கார் அப்பா அம்மாவுக்கு, எந்த நேரமும் அறைக்குத் திரும்பிப் போக. பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி என்று பட்டியலை நீட்டுகிறவர்கள் உங்கள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவர்களுக்கு அந்த வேனைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். காரைக்காலும் பக்கம்தான். "இதோ வந்துடறோம்" என்று சாயங்காலம் அந்தப் பக்கம் கிளம்பும் சித்தப்பா மாமாக்களை விசேஷத்துக்கு முந்தின நாள் மட்டுமாவது தடுத்து நிறுத்துங்கள். ஆஸ்பத்திரி அவசரம் என்றாலும் அந்த ஊர்தான் கைகொடுக்கும், அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

தேதியை அப்பாவின் நட்சத்திரம் முடிவு செய்யும், அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தை அமாவாசையை ஒட்டி வந்தால் திருக்கடையூரில் கால் வைக்க இடமிருக்காது, அதற்கேற்ற மாதிரி கூடுதலாகத் தயாராகுங்கள். பௌர்ணமிக்குப் பக்கத்தில் வந்தால் அதிர்ஷ்டம். சதாபிஷேகம் செய்துகொள்கிறவரை ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு இருபத்தொன்பதரை நாள், ஆயிரம் பிறைக்கு எண்பது வயதும் சுமார் பத்து மாதமும். கிழக்குக் கடல் என்பதால் பௌர்ணமியன்று சூரியன் பின்னால் இறங்கும் நேரத்திலேயே நிலா எதிரே தண்ணீரிலிருந்து வரும். அடுத்தடுத்த நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி வரும், இரண்டு நாள் தப்பினாலும் எட்டு மணிக்குள் பார்த்துவிடலாம். வாடகைக் கடையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி சொல்லிவையுங்கள், மணலில் உட்கார்ந்தால் அவர்களால் எழுந்திருக்க முடியாது. சால்வை மறக்காதீர்கள். முதல் நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவது என்று அன்றைக்கு யாரும் அவரிடம் போய்க் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.